வெளி ஏதுவால் நேர்ந்த சேதம்

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
பழுது பார்க்க. மாற்ற.
இரண்டுக்கும் நடுவே
பேனா முனை நிற்கவும் இடம் விடவில்லை கம்பெனி.

தக்கலையில், கேரளபுரம் திரும்பும் ரோட்டில்
ஜெபினின் பட்டறை.
எழுபத்தொன்றாம் வருடத்து ஃபியட்.
ஆர்.சி. புத்தகத்தில் சாம்பல் நிறம்,
வெயிலில் இளம்பச்சை.
பானெட் நடுவில் ஒரு குழி,
தண்ணீர் ஊற்றினால்
கைப்பிள்ளையைக் குளிப்பாட்டலாம்.

விபத்துக்கான காரணம் என்ற வரியில்
ஹலீமா பீவி, திருவிதாங்கோடு,
முத்து முத்தாக எழுதியிருந்தார்:
சக்கை.

வருக்கையா கூழனா என்று
படிவம் கேட்காது.
நான் கேட்டேன்.
"வருக்கை சார். பதினாறு கிலோ.
டிக்கியிலதான் கெடக்கு, எடுத்துக் காட்டவா?"

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த புது பானெட்
கறுப்புப் பிரைமர் பூசி
சுவரில் சாய்ந்து நின்றது,
கல்யாண வீட்டுக்கு முதலில் வந்துவிட்டவனைப் போல.
ஜெபின் அதைத் தூக்கி வைத்தான்.
வலப்பக்கம் ஒரு விரல் இடைவெளி,
இடப்பக்கம் தீக்குச்சி நுழையாது.
பெருவிரலால் அழுத்தினான், அமுங்கியது.
"இதப் பொருத்தணும்னா சார்
காரைத்தான் தட்டணும்."

என் கணக்கு வேறு.
மாற்றினால் உலோகத்துக்குத் தேய்மானம், பாதி போகும்.
தட்டினால் கூலி. கூலிக்கு ஏது தேய்மானம்?
இதை நான் சொல்லக்கூடாது.
சொன்னேன்.

சாணைச் சக்கரம் சுற்றியது.
பச்சை போனது, சாம்பல் போனது,
செங்காவி போனது,
அதற்கடியில் விரல் கனத்துக்குப் பட்டி.
பட்டிக்கும் கீழே
வேறு யாரோ ஒருவனின் சுத்தியல் தடங்கள்,
அம்மைத் தழும்புபோல் நெருக்கமாக,
அதே இடத்தில்.

ஜெபின் பார்த்தான். நான் பார்த்தேன்.
அவர் பட்டறைக் கூரையைப் பார்த்தார்.

"அது தொண்ணூத்தாறு. அந்தச் சக்கை இதைவிடப் பெருசு."

"ஒரே மரமா?"

"ஒரே மரம். ஒரே கொம்பு."

"வேற எடத்துல நிறுத்தலாமே?"

"கிணறு, ஆட்டுக்கூடு, வாசல்.
எங்க நிறுத்த, நீங்களே சொல்லுங்க."

"அப்ப அந்த மரத்த…" என்று தொடங்கினேன்.

"வருசத்துக்கு நாப்பது காய் தருது சார்.
இத்தன வருசத்துல ரெண்டத்தான்
கார் மேல போட்டிருக்கு."

எழுதிக்கொள்ளவில்லை. எந்தக் கட்டத்தில் எழுத?

இடிபட்டு விரிந்த தகரம் சொன்னபடி கேட்காது.
அமுக்கினால் டப்பென்று அந்தப் பக்கம்,
விட்டால் டப்பென்று இந்தப் பக்கம்.
ஜெபின் கேஸ் திரியைச் சிறிதாக்கி
ஒரு ரூபாய் அளவுக்குச் சிவக்கவைத்தான்.
அடியில் டோலி, மேலே நாலு தட்டு,
உடனே ஈரத்துணி.
சீறியது.
ஒரு ரூபாய், இன்னொரு ரூபாய்,
குழியைச் சில்லறையாக
அடைத்துக்கொண்டே வந்தான்.
பிறகு கண்ணை மூடி
இடது உள்ளங்கையால் மெதுவாகத் தடவினான்.
"சார், நீங்களும்."

மூடினேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு கைக்குத் தெரிந்தது.
நடுவில், லேசாக,
தூங்கி எழுந்த தலையணையில் இருக்குமே, அதுபோல.
"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.
"இருக்கட்டும் சார்" என்றார் பீவி.
"அடுத்தது வந்து உக்காரணும்ல."

மதியம் டிக்கியைத் திறந்தார்கள்.
பட்டறை முழுக்க மணம்.
திருப்பி அனுப்பவேண்டிய பானெட்டைத்
தரையில் மல்லாக்கப் போட்டு, பேப்பர் விரித்து,
கத்திக்கு எண்ணெய் தடவி,
சாட்சியைப் பிளந்தார்கள்.
எனக்குப் பதினொரு சுளை.
மிச்சத்தை வெல்டிங் பையன்கள் முடித்தார்கள்.

ராத்திரி வடசேரியில், வீட்டு மேசையில்
படிவத்தை விரித்தேன்.
பழுது பார்க்க என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன்.
மாற்ற என்ற கட்டத்தில்
என் விரலிலிருந்த தேங்காயெண்ணெய் ஊறி
காகிதம் கண்ணாடியாகிவிட்டது.
அதன் வழியே அடுத்த பக்கம் தெரிகிறது:
வாகனம் வழக்கமாக நிறுத்தப்படும் இடம்.