சிவப்பில் நிற்றல்

டொல்மெட்சோ ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது
முதல் சிக்னலிலேயே அணைந்துவிடுகிறது.
ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது,
மலைப்பாதையில் பறக்கும்.
நில் என்றால்தான் செத்துப்போகிறது.
எனக்கும் அப்படித்தான் என்றேன், சக நர்ஸ் ஃபியோரெல்லாவிடம்.
அவள் சிரிக்கவில்லை.

வலதும் இடதுமாய் விரிந்த இரண்டு சிலிண்டர்.
ஆளுக்கொரு தொண்டை,
தொண்டைக்குள் காசளவு ஒரு தகடு.
மூடும்போதும் அது முழுக்க மூடக்கூடாது.
அந்த மயிரிழைச் சந்தில் உள்ளே போகிற காற்றுதான்
நிற்கிற நேரத்து உயிர்.

கராஜில், பனிக்கால டயர்களுக்கு நடுவே,
ஒரு பலகையில் தெளிந்த குழாயை வளைத்து ஒட்டி
பாதிவரை சிவப்பு கியர் ஆயில் ஊற்றினேன்.
(குழாய் வார்டில் டிரிப் ஏற்றும் அதே குழாய்.
கேட்காதீர்கள்.)
ஒரு முனை இடதுக்கு, மறுமுனை வலதுக்கு.
பத்து நிமிஷம் சூடேற்றினேன்;
குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லும்.

கிள்ளிப் பிடித்த குழாயை மெல்ல விட்டதும்
எண்ணெய் இடப்பக்கம் ஏறியது,
நாலு விரல்.
அதைப் பலம் என்று நினைக்கக்கூடாது.
வாயை இறுக மூடியவன்தான் ஓங்கி உறிஞ்சுகிறான்.
கண்டுபிடித்துவிட்டேன் என்று
இடது காற்றுத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.
இறங்கியது. சமம்.
மூவாயிரத்துக்கு முறுக்கினால்
இப்போது வலது ஏறுகிறது.
இணைப்புக் கம்பியைத் திருத்தினேன்.
கீழே இறக்கினால் பழையபடி இடது.

மூன்று ராத்திரி.
இங்கே முடிந்தால் அங்கே அவிழ்ந்தது.
மேல்வீட்டு செஸ்குத்தி
துடைப்பக்கட்டையால் தரையை இடித்தார்.
பதிலுக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரை முறுக்கினேன்,
வேண்டுமென்றேதான்.

மூன்றாம் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால்
தொடாதே என்று கம்பெனி மஞ்சள் பெயின்ட் வைத்த திருகில்
பெயின்ட் உதிர்ந்து, ஒரு கீறல்.
ஜெமோனாவில் வண்டி விற்ற ஒலீவோவுக்குப் போன் போட்டேன்.
"தொடவே இல்லையே!"
பிறகு,
"சும்மா, லேசாகப் பார்த்தேன்."
மாத்திரையை நிறுத்தவே இல்லை என்பவர்களை
எனக்குத் தெரியும்.
அதே குரல், அதே லேசாக.

ஏன் தொட்டார் என்று கேட்கவில்லை.
அவருக்கும் இது சிக்னலில் அணைந்திருக்கும்.
அப்படியானால் நோய் திருகுக்கும் முந்தியது.

இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலை எடுத்துவந்து
ஒவ்வொரு மூட்டிலும் தண்ணீர் பீய்ச்சினேன்.
இடதில் ஒன்றுமில்லை.
வலதில், தலையையும் தொண்டையையும் சேர்க்கிற ரப்பரின் அடியில்,
எஞ்சின் விக்கியது.
எண்ணெய் துள்ளியது.

கழற்றி வளைத்தபோது வாய் திறந்தது
அரிசி நீள விரிசல்.
வலதுதான் திருட்டுத்தனமாய்க் காற்றுக் குடித்திருக்கிறது.
இறுக மூடியவன் என்று நான் பழித்த இடது
ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.
மூன்று ராத்திரியும் நான் நல்லதைக் கெடுத்து
ஓட்டைக்குச் சமமாக்கிக்கொண்டிருந்தேன்.

பதினோரு யூரோ. ரப்பர் வர இரண்டு நாள்.
அதுவரை பஸ்.

மாட்டிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து.
நிற்கையில் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில்.
மூவாயிரத்தில் மட்டும் வலது
இரண்டு மில்லிமீட்டர் மேலே.
ஸ்பேனர் கையில் இருந்தது.
விட்டுவிட்டேன்.

இன்று காலை ஸ்டேஷன் ரோடு சிக்னல். சிவப்பு.
பிரேக்கைப் பிடித்து, கியரை விடுவித்து,
கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தேன்.
முள் ஆயிரத்து நூறில் லேசாய் நடுங்கியது,
தரையில் வைத்த காலில்
அதன் துடிப்பு ஏறிவந்தது.
டக், டக்கடக், டக்.
சீராக இல்லை, இந்த எஞ்சின் சீராகத் துடிக்கவும் துடிக்காது.
ஆனால் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.

பின்னால் மரலாரி ஹாரன் அடித்தபிறகுதான் பார்த்தேன்,
பச்சை விழுந்து
எவ்வளவு நேரமாயிற்றோ.