அடி தேடிப் போனவர்

சட்பரியில் இன்று மைனஸ் இருபத்தாறு.
ஆறே காலுக்குக் கூண்டு இறங்கும்.
தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு.
தோளோடு தோள் நாற்பது பேர்,
அடுத்தவர் கண்ணில் அடிக்கக் கூடாதென்று
நெற்றி விளக்கை அணைத்துவிட்டு
இரண்டு கிலோமீட்டர் கீழே விழுகிறோம்.
காது அடைக்கிறது. எச்சில் விழுங்குகிறேன்.

நிக்கல் தோண்டப் போகும் ரெஜான்
திங்கள்தோறும் கேட்பார்:
"கண்டுபிடிச்சிட்டீங்களோ?"
"இன்னும் இல்லை."
"எங்களுக்கு டன் கணக்கில் கிடைக்குது."

கீழே பாறை சுடுகிறது.
சுரங்க வழியே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து,
பூட்ஸைக் கழுவி, உடுப்பைக் களைந்து,
தலை முழுகி,
வேறு உடுப்பில்தான் ஆய்வகத்துக்குள் போகலாம்.
ஒரு தூசு கூடாது.
கோயிலுக்கு இவ்வளவு சுத்தமாய் நான் போனதில்லை.

நாங்கள் தேடுவது ஒரு கணக்குப் பிழையை.
ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும்
சரிக்குச் சரி பிறந்திருந்தால்
ஒன்றையொன்று தின்று தீர்ந்து
வெளிச்சம் மட்டும் மிஞ்சியிருக்கும்.
எங்கோ கணக்கு இடித்தது.
நூறு கோடிக்கு ஒன்று என்று
ஏதோ தப்பிவிட்டது.
அந்த எச்சம்தான் இந்தப் பாறை,
ரெஜானின் தங்கப்பல்,
என் வீட்டுக் கடன்.
எச்சம் என்றால் மிச்சம்.
எச்சம் என்றால் பிள்ளையும்.
முடியாமல் நிற்கும் வினைக்கும்
எங்கள் இலக்கணத்தில் அதுதான் பெயர்.

யார் முதல் என்று இருவருக்குச் சண்டை.
நடுவே எழுந்தது நெருப்புத்தூண்.
முடி காண ஒருவர் அன்னமாகிப் பறந்தார்.
அடி காண ஒருவர் பன்றியாகி மண்ணைக் கிண்டினார்.
மேலே போனவர்
வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச்
சாட்சிக்குப் பிடித்துவந்து
கண்டேன் என்றார்.
கீழே போனவர்
மூக்கெல்லாம் சேறாய் ஏறி வந்து
காணவில்லை என்றார்.

நவம்பரில் எங்கள் வரைபடத்தில் ஒரு மேடு எழுந்தது.
சின்ன மேடுதான்.
ஆனால் எழவேண்டிய இடத்திலேயே எழுந்தது.
மூன்று இரவு நான் தூங்கவில்லை.
இங்ரிட் கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டாள்.
நான்காம் நாள் தெரிந்தது:
பழுதான ஒரு வால்வு,
அதன் வழியே கசிந்த சுரங்கக் காற்று,
காற்றில் ரேடான்.

பாவம், பூவில் என்ன பிழை?
அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.
சாட்சி சொல்லக் கூப்பிட்டது நாங்கள்.

கதையில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.
தூண் எழுமுன்
எந்த வெளிச்சத்தில் அவர்கள் சண்டை பிடித்தார்கள்?
டொரொண்டோக் கோயிலில் ஐயரிடம் கேட்டேன். சிரித்தார்.
வெடிப்புக்கு முன் என்ன என்று
மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.
அதே சிரிப்பு.

அறிக்கையை நான்தான் எழுதினேன்.
பதினேழு பக்கம்.
சுருக்கினால் ஒரு சொல்: காணவில்லை.

மாலைக் கூண்டில் ரெஜான் பக்கத்தில் நின்றார்.
இன்று திங்கள் இல்லை, ஆனாலும் கேட்டார்.
"கண்ட மாதிரி இருந்தது" என்றேன்,
"இல்லை."
அவர் தலையாட்டிவிட்டு
கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார்.
கரி. கன்னங்கரிய கரி.

நானும் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.
சோப்பு மணத்தது.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.