மைனஸ் முப்பத்தொன்று

செத்த ஏசியைப் பிரித்தபோது
உள்ளே எண்ணெய் கறுத்திருக்கவில்லை.
அதுவே எங்களுக்குப் போதுமான சகுனம்.
கீழக்கரை டாக்டர் வீட்டு மாடியில்
ஏழு கோடை ஓடிய கம்ப்ரசர், முந்நூறு ரூபாய்.
பெரியபட்டினம் வரைக்கும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து
கைப்பிள்ளைபோல் நிமிர்த்தியே பிடித்துவந்தாள் லாத்தா.
சாய்ந்தால் எண்ணெய் தலைக்கேறிவிடும்.

கம்ப்யூட்டர் அவளுடையது.
இரண்டாம் கையாய் வாங்கிய பிராசசர்
நாலு கிகாஹெர்ட்ஸில் நல்ல பிள்ளையாய் இருக்கும்.
அஞ்சரை வேண்டும் என்றாள்.
எதுக்கு?
"அஞ்சரை ஓடுமான்னு பாக்க."

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.
நெத்திலிக்கும் மாத்திரைக்கும் குளிர் கொடுத்துப் பழக்கம்.
கட்டைவிரல் நகமளவு கல்
இட்லி வேகும் சூட்டைக் கக்கும் என்று
அவள் சொல்லித்தான் தெரியும்.

செம்புக் கட்டைக்குள் சுழல்வழி கடைய
ராமநாதபுரம் லேத்துக்குப் போனோம்.
திருப்பித் திருப்பிப் பார்த்த சேதுப்பாண்டி
"யாருக்குங்க இவ்வளவு பெரிய தாயத்து?" என்றார்.

கேபிலரி மூன்று மீட்டர், ஊசி நுழையாத துளை.
நீளம் கூடினால் செம்பு பட்டினி கிடக்கும்
குறைந்தால் கேஸ் ஆவியாகாமல்
கம்ப்ரசரின் தொண்டைக்கே திரும்பும்.
ஒரு சாண் வெட்டு, வெள்ளிக்கம்பியால் பற்றவை
சோப்பு நுரை தடவு
நுரை கண் விழித்தால் மறுபடி பற்றவை
வேக்கம் இழு, கேஸ் ஏற்று, காத்திரு.
இல்லை.
இன்னொரு சாண்.

சூடு எங்கள் எதிரியில்லை என்று தெரிந்துகொள்ள
இரண்டு மதர்போர்டு செலவானது.
கச்சான் வீசுகிற மாதம்.
கதவைச் சாத்தினாலும் சாவித் துவாரம் வழியே கடல் வரும்.
குளிர்ந்த செம்பைக் கண்டதும்
காற்று தன் மடியிலிருந்த தண்ணீரை அவிழ்த்துவிடும்
பிராசசருக்கு அடியில், பின்களுக்கு நடுவில்.
ஒரு பொறி.
பூண்டு கருகியதுபோல் ஒரு வாசம்.
லாத்தா அன்று சோறு தின்னவில்லை.

சங்கு குளிக்கிற காசிலிங்கம்
கிழிந்துபோன ரப்பர் உடுப்பைத் தந்தார்.
ஆறு பாகத் தண்ணீரின் குளிரை
அவர் உடம்புக்குள் விடாமல் வைத்திருந்தது.
அதன் முழங்கையை வெட்டி
செம்புக் கட்டைக்கு மாட்டினோம்
(இது உள்ளிருக்கும் குளிரை வெளியே விடக்கூடாது.
உடுப்புக்கு இரண்டும் ஒன்றுதான்).
சாக்கெட் நிறைய வாஸ்லின்.
நிக்காஹ் பேசி நின்றுபோன வருஷம் வாங்கிய
நெயில் பாலிஷைத் தேடியெடுத்து வந்தாள்.
இறுகிய மூடியை நான்தான் திறந்தேன்.
மூன்றாவது மதர்போர்டு முழுக்கச் சிவப்பு பூசி
ஊதி ஊதிக் காயவைத்தாள்.

இரவு ஒன்றேகால்.
ஐஸ் பேக்டரி மோட்டார் ஓய்ந்து
ஊருக்கு வோல்டேஜ் மீளும் நேரம்.
கம்ப்ரசர் ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.
பூஜ்யம். மைனஸ் பத்து.
பித்தளை நட்டில் முதலில் பனி பிடித்தது
பிறகு குழாய் நெடுக, உப்பளப் பாத்தி வெளுப்பதுபோல.
மைனஸ் முப்பத்தொன்றில் நின்றது.
அவள் எண்ணை ஏற்றினாள்.
ஐந்து.
ஐந்தே கால்.
பிஸ்மி சொன்னாளா, இருமினாளா தெரியவில்லை.
ஐந்தரை.

பதினோரு விநாடி.
பிறகு திரை நீலமாகிச் செத்தது.

"பாத்தாச்சு" என்றாள்.
சுவிட்சை அணைத்தாள்.

மின்விசிறிச் சத்தமும் அடங்கியபின்
அலைச் சத்தம் அறைக்குள் வந்தது.
குழாயில் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்தது.
கீழே கிடந்த டீ டம்ளரை நகர்த்திவைத்தேன்
தரை நனையாமலிருக்க, வேறெதற்கும் இல்லை.

எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்பு.
நல்ல தண்ணீர் வண்டியில் வரும், குடம் பன்னிரண்டு ரூபாய்.
லாத்தா டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.
"செம்பு வாடை. உப்பு இல்ல."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஒரு யூனிட் கரண்டுக்கு அரை டம்ளர்
கட்டுபடியாகாது.
மீதியை வாங்கி நான் குடித்தேன்.