அத்துச் சாரியை

ஒன்பதாவது பாகத்தில் அவள் வருகிறாள்.
பதினோரு விநாடி.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
கதாநாயகியிடம் ஒரு குடையை நீட்டுகிறாள்.
"நன்றி, செண்பகம்."
லிஃப்ட் மூடிக்கொள்கிறது.
அதன்பிறகு நான்கு பாகங்கள்,
ஒரு கல்யாணம், ஒரு கோமா,
மனந்திருந்திய ஒரு மாமன்.
செண்பகம் இல்லை.

வெளியே மழை பெய்துகொண்டிருந்ததே,
அவள் எப்படி வீட்டுக்குப் போனாள்?

அதைக் கேட்டுத்தான் தொடங்கினேன்.
யீஷூனில் ஏறி, நின்றபடி, கட்டைவிரலால்.
தோபி காட்டில் ரயில் மாறும்போது
பாதி வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு
படிக்கட்டில் ஓடுவேன்.
நாற்பத்தொரு அத்தியாயம்.
உட்லண்ட்ஸில் ஓரறை வாடகை வீடு கொடுத்தேன் அவளுக்கு.
முழங்கால் வலி, ஜொகூரில் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை,
கோப்பி ஓ கோசோங், தொட்டுக்கொள்ள இரண்டு பிஸ்கட்.
குடையைத் திருப்பிக் கேட்கும் துணிச்சலை மட்டும்
இன்னும் கொடுக்கவில்லை.

"அடுத்தவர் பாத்திரத்தில் சமைக்கிறாய்," என்றாள் இர்ஃபானா.
"சொந்தமாக எழுதேன்.
வாடகை வீட்டுக்கு யாராவது வர்ணம் அடிப்பார்களா?"

பாத்திரம் யாருடையதோ, சுட்டது என் கை.
சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.
அதுவும் சொந்த வீட்டைப் பற்றி
இந்த ஊரிலா பேசுவது?
எங்கள் நாலறை வீடே
தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை.
அதில்தான் பிள்ளை பெற்றோம், தட்டு உடைத்தோம்,
கான்கிரீட்டில் இறங்காத ஆணியை
வளைந்தபடியே விட்டுக் காலண்டர் மாட்டினோம்.
இது வாழ்க்கைதானா என்று
எந்த அதிகாரியும் வந்து கேட்டதில்லை.

ஆனாலும் உறுத்தியது.
பகலில் என் வேலை
பிறர் இரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுவது.
ஒரு பெயர் மாறினால் என்ன ஆகும் என்று
எனக்குத் தெரியும்.

சமூக மன்றத்தில் சிறுகதைப் போட்டி.
விதி நான்கு: சொந்தக் கற்பனையாக இருத்தல் வேண்டும்.
இருபத்தேழாம் அத்தியாயத்தை எடுத்தேன்.
பத்தாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோகிறது.
அவசர மணி கைக்கெட்டும் தூரத்தில்.
அவள் அழுத்தவில்லை.
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
நாற்பது நிமிடம்
யாரும் கூப்பிடாத இடத்தில் ஓய்வெடுக்கிறாள்.
இதைத் தொடரில் யாரும் எழுதவில்லை.
எழுதியிருக்கவும் மாட்டார்கள்.

கணினியிடம் சொன்னேன்,
செண்பகம் உள்ள இடமெல்லாம் கோமளா.
ஒரே தட்டலில் அறுபத்துமூன்று செண்பகம் உதிர்ந்தது.
தமிழ் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்குமா?
செண்பகத்தை, செண்பகத்துக்கு, செண்பகத்திடம்:
'ம்' போய் 'அத்து' வந்த இடுக்கில் எல்லாம்
அவள் ஒளிந்துகொண்டிருந்தாள்.
பள்ளியில் சாரியைக் கேள்விக்கு
நான் வாங்கியது முட்டை.
இரவு இரண்டு மணிவரை
ஒவ்வொருத்தியாகப் பிடித்து வெளியேற்றினேன்.

மூன்றாம் பரிசு.
நூறு வெள்ளிக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு.
நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"முற்றிலும் புதிய பாத்திரம்.
அதிலும் அந்த ஒரு வரி,
'லிஃப்டில் செண்பகத்தின் வாசம் இன்னும் இருந்தது.'
கதையில் வேறெங்கும் பூ இல்லை.
சட்டென்று ஒரு பூ!
என்ன நயமான குறியீடு, பாருங்கள்."
அவை கைதட்டியது.

தரை துடைக்கும் எலுமிச்சைத் திரவமும்
வியர்வையும் கலந்த வாசம் அது.
கும்பிட்டேன். வேறென்ன செய்ய.

பேருந்தில் இர்ஃபானா வாய் திறக்கவில்லை.
பரிசுச் சான்றிதழால் விசிறிக்கொண்டே வந்தவள்
செம்பவாங் திருப்பத்தில் மெல்லக் கேட்டாள்,
"அந்தப் பூ அவள்தானே?"

ம், என்றேன்.

"குடையைச் சீக்கிரம் கேட்டு வாங்கச் சொல்.
டிசம்பர் வருது."