அயோத்தியாப்பட்டணத்தில் கடற்போர்

பேரில் பட்டணம் இருக்கிறது.
கடல் இல்லை.
கிழக்கே போகப் போக வாழப்பாடி வரும்,
அலை வராது.

எண்ணெய்த் தீ பற்றிய வகுப்பின் நடுவே
நிலைய அலுவலர் இருசப்பன்
சாக்பீஸால் ஒரு கப்பல் வரைந்தார்.
முகப்பில் வெண்கலச் சிங்கம்,
அதன் வாய்க்குள் குழாய்.
ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்
கான்ஸ்டான்டிநோபிள் பக்கம்
அது துப்பிய நெருப்பு
கடல்மேலேயே எரிந்ததாம்.
குதித்துத் தப்பியவனும் எரிந்தானாம்.
தண்ணீர் ஊற்ற ஊற்றக் கொழுத்ததாம்.
மணல், நாள்பட்ட மூத்திரம், புளித்த காடி,
இதற்குத்தான் அடங்குமாம்.
என்ன கலந்தார்கள் என்பது
காய்ச்சியவர்களோடு போய்விட்டது.

நாங்கள் மூத்திரத்துக்குச் சிரித்தோம்.
நிலையத்து மணல்வாளியில்
பூனை குட்டி போட்டிருந்தது.
யாரும் கலைக்கவில்லை.

ஐப்பசி மழை. ராத்திரி ரெண்டேகால்.
ஆத்தூர் ரோட்டில் டேங்கர் கவிழ்ந்து
பெட்ரோல் சாக்கடையில் இறங்கி,
பற்றி,
மழைநீர் மேல் ஏறிப் புறப்பட்டது
ஒரு படகு, அதன் பின்னே இன்னொன்று,
பாயே நெருப்பாக.
டீக்கடைக் கீற்று, சலூன் பலகை,
யாரோ மறந்த சைக்கிள் என்று
கரை கரையாகத் தொட்டுக்கொண்டு வந்தது.
ஜனம் குடம் குடமாக ஊற்றியது.
ஊற்றிய இடமெல்லாம் அகலமானது.
"ஊத்தாதீங்க!"
தீயணைக்க வந்தவன்
தண்ணீர் வேண்டாம் என்கிறானே என்று
பலகைக்குச் சொந்தக்காரர் என் காலரைப் பிடித்தார்.

நுரை தீர்ந்தது.
மணல் நாலு முழத்துக்கு வந்தது.

ஜவ்வரிசி ஆலையின் பின்கேட்டைத் திறந்துகொண்டு
தைலாயி வந்தாள், நைட் ஷிப்ட்,
முழங்கை வரை வெள்ளை.
தள்ளுவண்டி நிறைய ஈரத் திப்பி,
மூன்று நாள் புளித்தது,
மாடும் முகத்தைத் திருப்பும் நாற்றம்.
எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கவிழ்த்தாள்.
முன்னால் வந்த படகு
ஒரு தரம் செருமிவிட்டு மூழ்கியது.
அப்புறம் வண்டி மேல் வண்டி.
கிழங்குச் சக்கை அணை கட்டியது.

விடிகிற நேரம், புகைக்குள் நின்றபடி
அவளிடம் சிங்கத்தைச் சொன்னேன்,
காடியைச் சொன்னேன், போய்விட்ட ரகசியத்தையும்.
கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"அந்த ஊர்ல மரவள்ளி வெளையுமா?"

அறிக்கையில் ஒரு கட்டம்:
அணைக்கப் பயன்படுத்திய பொருள்.
தண்ணீர். நுரை. மணல். இதர.
இதரவில் டிக் அடித்தேன்.

பதினோரு வண்டித் திப்பிக்குப் பில் கேட்டு
மதியமே ஆலையிலிருந்து ஆள் வந்தான்.
வாசலில் காய்ந்த என் பூட்ஸைத் தாண்டும்போது
மூக்கைப் பொத்திக்கொண்டான்.