பதினொன்றுக்குக் குறையாது

ரீல் என்றால் இங்கே ஆட்ட மெட்டு.
வயலினில் ஏறினால் மூச்சு விட இடமில்லை.
இரண்டாம் பகுதியில் மட்டும் வில் ஒரு கணம்
எதையோ விழுங்கும், பிறகு ஓடும்.
பெயர்: பதினொன்றுக்குக் குறையாது.

பதினொரு பேரோடு போன படகு என்பான்
துறையில் டிக்கெட் கிழிக்கிறவன்.
மேல் கம்பியில் அது கவிழ்வது கேட்கும் என்பான்,
கண்ணும் கலங்கும்.
குன்றுக்குள் வாழும் குள்ளர்கள்
பதினொரு இரவு ஆடவைத்துக் கொடுத்தனுப்பியது
என்று விடுதிச் சுவரில் எழுதியிருக்கிறது.
மணப்பெண்ணுக்குப் பதினொரு முத்தம் என்பார்கள்
குடித்தவர்கள்; ஆறாவதில் எண்ணிக்கை தவறும்.

ரீலுக்கே ரீல் விடும் ஊர்.

நான் மாட்டை வாங்கியவன் வம்சம்.
எனக்குத் தெரியும்.

அன்ஸ்ட் தீவு, நவம்பர்,
மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ராஸ்மியின் அடுப்படியில் புகை, ஈரக் கம்பளி வாடை.
எடின்பரோவிலிருந்து வந்தவருக்கு
மடியில் நோட்டு, மூக்கில் சளி.
அவருக்காக ராஸ்மி வாசிக்கிறான்.
கதவருகே எர்ட்டி,
ஃப்ளெக்கியின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து
ஒன்பது என்கிறான், ஒன்பதேகால் என்கிறான்.
வில் நின்றது.
"இதற்கு என்ன பெயர்?" என்றார் நோட்டுக்காரர்.
"பதினொன்றுக்குக் குறையாது" என்றான் ராஸ்மி,
கதவைப் பார்த்து.
எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

இதுவரைக்கும் சிரிப்பு.

ஓஸ்லா அன்று ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.
முப்பது வருஷம் கழித்து, அவன் போன பிறகு,
எங்கள் வீட்டுக்கு வெண்ணெய் வாங்க வந்தவள்
போகிற போக்கில் சொன்னாளாம்:
அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.
கேள்வியும் கேட்டது.
அந்த மெட்டுக்கு வேறு பெயர் இருந்தது,
கலியாணத்துக்கு முந்தின வாரம்
மாட்டுக் கொட்டகையில் வைத்து என்னிடம் சொன்னான்.
வெளியாள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
மாட்டு விலை குறுக்கே வந்தது,
பிடித்துக்கொண்டான்.

என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள்.
அவள் வெண்ணெயைக் கையில் தூக்கிப் பார்த்து
அரை அவுன்ஸ் குறைகிறது என்றாள்.

இப்போதும் ஊர் மன்றத்தில் அந்த ரீல் முடிந்ததும்
வில்லை உயர்த்தி ஒருவன் "பதினொன்று!" என்பான்.
பின்வரிசையிலிருந்து நாங்கள்
"ஒன்பதரை!" என்று கத்துவோம்.
அதற்குத்தான் படிந்தது பேரம்.
நல்ல மாடு.
உதைக்கும்.