கால் வேகம்

கிராஞ்சியில் மழை விட்ட வெள்ளிக்கிழமை இரவு.
ஆறாவது பந்தயம் முடிந்து பதினோரு நிமிடம்.
ஜன்னல் இல்லாத அறை.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கோட்டுகள்.
இந்தப் பக்கம் ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி
நவநீதன், ஈப்போ பையன், பயிற்சி ஜாக்கி,
கன்னத்தில் காயாத சேறு.
மூலையில் நான், படம் ஓட்டுகிறவன்.

"முந்நூறு மீட்டர் கம்பம்" என்றார் தலைவர்.
"மெதுவாக."

ஓட்டினேன், கால் வேகத்தில்.

கால் வேகத்தில்
ஒரு குதிரை உள்ளே சாய்வதற்குள்
ஒரு கிளாஸ் கோப்பி ஆறிவிடும்.
கால் வேகத்தில்
கடிவாளத்தை இழுக்கத் தவறிய கை
தவறிய கையாகத் தெரியாது.
யோசித்து, யோசித்து
இழுக்காமல் விட்ட கையாகத் தெரியும்.
பின்னால் வந்த ஏழாம் நம்பர்
தலை தூக்கித் தடுமாறுகிறது,
துறைமுகத்தில் சரக்குக் கப்பல் திரும்புகிற
அத்தனை நிதானத்தில்.

"இவ்வளவு நேரம் இருந்திருக்கிறதே" என்றார் ஒருவர்.

அது திரையில் இருந்த நேரம்.
குதிரை முதுகில் இருந்தது
ஒரு நொடிக்கும் குறைவு.
நான் சொல்லவில்லை.
என் வேலை பொத்தான்.

இடைவெளி ஒன்றே கால் நீளம்; வேண்டியது இரண்டு.
கவனக்குறைவான சவாரி.
பையன் கையெழுத்துப் போட்டான்,
பேனா எழுதவில்லை,
உதறிவிட்டு மறுபடியும் போட்டான்.

மூன்று வாரத்துக்கு முன்
இதே கம்பம். இதே சாய்வு.
ஒன்றே கால்கூட இல்லை, வெறும் ஒன்று.
கார்மோடி.
உள்ளே வரும்போதே மழையைப் பற்றி என்னவோ சொல்லி
மூவரையும் சிரிக்க வைத்தார்.
"போடுங்கள்" என்றார் தலைவர்.
மெதுவாக என்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

முழு வேகத்தில் எட்டுக் குதிரைகள் ஒரு மூச்சு.
யார் யாரை நெருக்கினார் என்று
கண் தேடுவதற்குள்
கோட்டைத் தாண்டிவிட்டது கூட்டம்.
"ஓட்டத்தின் போக்கில் நேர்ந்தது."
போகும்போது கதவருகே நின்று
எனக்கும் கையசைத்தார்.
பிடித்திருந்தது எனக்கு.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவருக்கு ஐந்நூறு வெள்ளி.
இவனுக்கு நான்கு வெள்ளிக்கிழமை.

லிப்ட் வாசலில் நின்றிருந்தான் நவநீதன்.
கோபம் தெரியவில்லை;
மேல்முறையீட்டுக்குப் பணம் கட்டமுடியாதவன்
கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்.
தமிழில் கேட்டான்:
"அண்ணே, அவருக்கு
எப்படிப் போட்டுக் காட்டினீங்க?"

எதற்கு இத்தனை நாள் என்று கேட்டிருந்தால்
பதில் இருந்தது என்னிடம்:
முந்தைய பதிவு, குதிரையின் குணம்,
குழுவின் விருப்புரிமை,
எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.
அவன் வேகத்தைக் கேட்டான்.
லிப்ட் வந்தது.

எல்லோரும் போன பிறகு
இரண்டு திரைகளிலும் இரண்டு பந்தயங்களை ஏற்றினேன்.
முழு வேகத்தில் ஓட்டினேன்:
இருவரும் நிரபராதிகள்.
கால் வேகத்தில் ஓட்டினேன்:
இருவரும் தெரிந்தே செய்தவர்கள்.
அரை வேகத்தில் ஓட்டியபோது
ஒன்றும் விளங்கவில்லை.
ஈரப் புல்லில் இரண்டு குதிரைகள்,
மேலே இரண்டு பயந்த முதுகுகள்.
எது நடந்ததோ அதன் வேகம்
என் மேசையில் எந்தப் பொத்தானிலும் இல்லை.
கடைசி ரயிலைத் தவறவிட்டேன்.

அடுத்த வெள்ளி.
நவநீதன் அப்போது லாயத்தில்
யாருடைய குதிரைக்கோ கால் கழுவிக்கொண்டிருப்பான்.
நாற்காலியில் வேறொருவர்,
பேர் பெற்றவர்தான், கால்மேல் கால்.

"போடுங்கள்" என்றார் தலைவர்.

விரல் பொத்தான்மேல் இருந்தது.
"என்ன வேகத்தில் சார்?" என்றேன்.

மூன்று தலைகளும் திரும்பின,
மூலையில் ஒரு நாற்காலி இருப்பதையே
இப்போதுதான் பார்ப்பதுபோல.
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.